கடல் தாண்டிய அட்டை

சட்டைப் பையில் அடங்குகிற சின்ன அட்டை, இரண்டு பக்கமும் அச்சு. ஒரு பக்கத்தில், வேலை பழக்கப் போகிறவர் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை: யார் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் கற்க வேண்டும் என்ற அட்டவணை, வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதிய தாள், கைக்கெட்டும் தூரத்தில் கருவிகள், ஒழுங்கான வேலையிடம். மறுபக்கத்தில் கற்பிக்கும் முறை, நான்கே படிகளில். ஆளைத் தயார் செய். செய்து காட்டு. செய்யவிட்டுப் பார். பிறகு அவ்வப்போது போய்க் கவனி. எல்லாவற்றுக்கும் கீழே, தொழிலாளி கற்கவில்லையென்றால் குற்றம் கற்பித்தவருடையது என்கிற பொருளில் ஒரு வரி.

பெரியவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்குப் போன நூற்றாண்டில் கோட்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. எட்வர்ட் லிண்டமன் 1926இல் வாழ்க்கை அனுபவமே பெரியவரின் பாடநூல் என்றார். மால்கம் நோல்ஸ் 1970இல் அதைத் தனித் துறையாகவே விரித்தார். பேராசிரியர்கள் எழுதினார்கள், பல்கலைக்கழகங்கள் படித்தன. இந்த அட்டையோ ஃபோர்மேன்களின் அழுக்குச் சட்டைப் பையில் இருந்துகொண்டு மூன்று கண்டங்களைச் சுற்றியது. அதனாலேயே கல்வி வரலாற்று நூல்களில் இதற்குப் பெரிதாக இடம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இதன் பூர்வீகம் கப்பல் கட்டும் தளம். 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது கப்பல்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. தளங்களுக்குப் பல மடங்கு ஆட்கள் வேண்டும். வருகிறவர்களுக்கு ரிவெட் அடிக்கவும் தெரியாது, இரும்புத் தகடு வளைக்கவும் தெரியாது. மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தொழிற்கல்வியாளர் சார்ல்ஸ் ஆலனிடம் இந்தப் பிரச்சினை வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட வாத்தியாரைத் தளத்துக்கு அழைத்துவரும் யோசனையை அவர் விரும்பவில்லை. நல்ல வேலைக்காரனையே பிடித்து, அவனுக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுத்தார். தயாரிப்பு, எடுத்துரைத்தல், செய்யவைத்தல், சோதித்தல் என்பவை அவருடைய நான்கு படிகள். ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் ஹெர்பார்ட்டின் சீடர்கள் பள்ளிப் பாடத்துக்கு வகுத்த படிகளின் சாயல் இதில் உண்டு. தத்துவஞானி காண்ட் வகித்த கோனிக்ஸ்பெர்க் பேராசிரியர் நாற்காலியில் பிற்பாடு அமர்ந்தவரின் சிந்தனை, ரிவெட் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே வந்து சேர்ந்தது வேடிக்கைதான். ஆலன் தன் அனுபவத்தை 1919இல் புத்தகமாக்கினார். போர் முடிந்தது, தளங்கள் ஆளைக் குறைத்தன, புத்தகம் அலமாரிக்குப் போனது.

1940 ஆகஸ்டில் அமெரிக்க அரசு போர்த்தளவாடத் தொழில்களுக்காக ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற பயிற்சிச் சேவையைத் தொடங்கியது. ஆலைக்குள்ளேயே பயிற்சி என்பது அதன் விரிவு. ஆலனின் படிகளைத் தூசு தட்டி எடுத்து அட்டையாக்கியது இந்தச் சேவைதான். சானிங் டூலி ஓர் எண்ணெய்க் கம்பெனியிலிருந்தும், வால்டர் டீட்ஸ் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கிலிருந்தும், மைக் கேன் ஏ.டி.அண்ட்.டி.யிலிருந்தும் இரவலாக வந்தார்கள். முதல் சோதனை கண்ணாடி வில்லையில் வந்தது. பெரிஸ்கோப்புக்கும் குண்டு வீசும் குறிகாட்டிக்கும் லென்ஸ் தேய்க்க ஆள் இல்லை. அந்தத் தொழிலைக் கற்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பது பட்டறைகளின் முடிவு. போருக்கோ பொறுமை கிடையாது. கேன் பட்டறைகளுக்குப் போய், தேர்ந்த கைவினைஞர்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். ஒரே ஆள் செய்த அந்தத் தொழிலுக்குள் பல வேலைகள் ஒளிந்திருந்தன. அவற்றில் பெரும்பகுதி புதியவரும் விரைவில் பழகக்கூடியவை. சிலவற்றுக்கு மட்டுமே தேர்ந்த கை வேண்டும். எளியவற்றைப் பிரித்துப் புதியவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கு மாதக்கணக்கானது.

மகிழ்ச்சியான கதையாகத்தான் இதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. கற்றல் வேகமானதற்கு ஒரு காரணம் நல்ல போதனை, மறு காரணம் வேலை சிறுத்தது. முழு லென்ஸையும் தேய்க்கத் தெரிந்தவனுக்குச் சந்தையில் ஒரு மதிப்பு இருந்தது. அதில் ஒரு கட்டத்தை மட்டும் தெரிந்தவனுக்கு அது இல்லை. கற்பவரை மதிக்கிற இதே அட்டை தொழிலைத் துண்டாக்கவும் கத்தி தீட்டிக் கொடுத்தது.

சரி, அந்தக் கத்தி எப்படி வேலை செய்தது? வேலையை முதலில் படிகளாக எழுத வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் அதன் சூட்சுமத்தை எழுத வேண்டும். வேலை உருப்படுவதும் கெடுவதும் எதில் இருக்கிறது, கையில் அடிபடுவது எதனால், அனுபவஸ்தர் சுலபமாகச் செய்துவிடும் லாகவம் எது என்ற மூன்றில் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும். கை அறிந்ததை வாய் சொல்லாது. இருபது வருஷம் லேத் ஓட்டியவரிடம் எப்படி என்று கேட்டால், ‘பார்த்தாலே தெரியும்ப்பா’ என்பார். நம் பட்டறைகளில் ஹெல்பர் பையன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வருஷங்களைக் கழிப்பது இப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான். அவனுக்கு எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் தன் பிழைப்பு என்னாகும் என்ற மேஸ்திரியின் கவலையும் அதற்குள் இருக்கிறது; அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

அட்டை கையில் கிடைக்கப் பத்து மணி நேர வகுப்புக்குப் போக வேண்டும். பத்துப் பேர், தலா இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள். முதல் அமர்வின் கதாநாயகன் ஒரு முடிச்சு. கூரையிலிருந்து தொங்கும் பல்பு ஹோல்டரைக் கழற்றினால் உள்ளே ஒயரில் ஒரு முடிச்சு இருக்குமே, அந்த வகைதான். யாராவது ஒயரை இழுத்தாலும் இழுவிசை திருகாணியில் விழாமல் முடிச்சு தாங்கிக்கொள்ளும். பயிற்சியாளர் ஒருவரை முன்னே அழைத்து, அதை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொல்வார். வந்தவர் திணறுவார். இன்னொருவரை அழைத்து, பேசாமல் போட்டுக் காட்டுவார். அவரும் திணறுவார். வகுப்பு சிரிக்கும். நீங்கள் உங்கள் ஆலையில் இந்த இரண்டில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டதும் சிரிப்பு அடங்கிவிடும். அப்புறம்தான் நான்கு படிகளில் மூன்றாமவருக்குக் கற்பிப்பார். அவர் கை முடிச்சைப் போட்டுவிடும்.

மீதி அமர்வுகளில் ஒவ்வொருவரும் தன் ஆலை வேலை ஒன்றைக் கொண்டுவந்து மற்றவருக்குக் கற்பித்துக் காட்ட வேண்டும். குறிப்பெடுத்துத் தேர்வெழுதும் சமாச்சாரம் இல்லை. பயிற்சியாளரும் கையேட்டிலிருந்து விலகி சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. படைப்பாற்றலுக்கு இடமில்லையே என்று ஆசிரியர்கள் வருத்தப்படலாம். ஆனால் ஒருவர் பத்துப் பேரைப் பழக்கி, அவர்கள் ஆளுக்குப் பத்துப் பேரைப் பழக்கி என்று பெருகும் சங்கிலியில், ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் ‘மேம்படுத்தினால்’ கடைசியில் எது மிஞ்சும்? 1945 செப்டம்பரில் சேவை மூடப்பட்டபோது, வேலை முறை, மனித உறவு ஆகிய துணை வகுப்புகளையும் சேர்த்து, 16,500க்கு மேற்பட்ட ஆலைகளில் சுமார் 17.5 லட்சம் மேற்பார்வையாளர்கள் சான்றிதழ் பெற்றிருந்தார்கள்.

அதன்பின் அமெரிக்கா அட்டையை மறந்தது. போர் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள், போட்டியிட வேறு நாடுகளில் வலுவான ஆலைகள் அதிகம் இல்லை. என்ன செய்தாலும் விற்கும் காலத்தில் யார் உட்கார்ந்து சூட்சுமம் எழுதுவார்கள்? பிரிட்டன் 1944இலேயே முறையை எடுத்துக்கொண்டிருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழியாக 1950களில் அது இந்திய நெசவாலைகளையும் எட்டிப் பார்த்தது. ஊன்றி நின்ற இடம் ஜப்பான்.

அங்கே அதைக் கொண்டுபோனது போருக்குப் பின் நாட்டைக் கையில் வைத்திருந்த அமெரிக்க ஆக்கிரமிப்புப் படையின் நிர்வாகம். குண்டுவீச்சில் ஆலைகள் போயிருந்தன, ஆலையை நடத்தத் தெரிந்தவர்களும் குறைவு. 1951இல் ஒஹையோ மாநிலம் கிளீவ்லாந்தைச் சேர்ந்த லோவெல் மெலன் ஒப்பந்தத்தில் சிறு குழுவோடு போய் 35 பயிற்சியாளர்களை உருவாக்கிவிட்டு வந்தார். மிச்சத்தைச் சங்கிலி பார்த்துக்கொண்டது. ஜப்பானியத் தொழிலாளர் அமைச்சகம் பின்னால் நின்றது, 1955இல் தொழிற்பயிற்சிக்கென்றே ஒரு சங்கம் பிறந்தது.

டொயோட்டாவுக்கு அது வந்த நேரம் மோசமானது. 1950இல் ஆட்குறைப்பு, நெடிய வேலைநிறுத்தம், நிறுவனர் கீச்சிரோ டொயோடாவின் பதவி விலகல். அந்தக் காயத்தோடு இருந்த கம்பெனி, கற்கத் தவறினால் பழி மேற்பார்வையாளருக்கு என்று சொல்லும் அட்டையைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்கர்கள் கொடுத்த வேலை முறை வகுப்பைப் பிற்பாடு கைவிட்டுத் தங்களுடையதை வைத்துக்கொண்டார்கள். வேலை கற்பிக்கும் வகுப்பை மட்டும் ஏறக்குறைய அப்படியே காப்பாற்றினார்கள். ஒரே ஒரு மாற்றம் உண்டு, அது சின்னதல்ல. அமெரிக்கப் பிரிப்புத் தாளில் இரண்டு பத்திகள்: படி, சூட்சுமம். ஜப்பானில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்ந்தது: ஏன் அப்படி? காரணம் தெரிந்தவன் அதைவிட நல்ல வழி ஒன்றையும் யோசிப்பான். லென்ஸ் பட்டறையில் சிறுத்துப்போன வேலை கொஞ்சமாவது திரும்ப வளர்ந்தது இந்தப் பத்தியில்தான் என்பது என் எண்ணம். வேலையைச் சிறிது சிறிதாக மேம்படுத்திக்கொண்டே போகும் வழக்கத்தைக் கைசன் என்று உலகம் கொண்டாடியதற்கு இது மட்டும் வேரல்ல என்றாலும் இதுவும் ஒரு வேர்.

1982இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஓர் ஆலையை இழுத்து மூடியது. வேலைக்கு வராதவர் கணக்கும், சண்டையும், தரக்கேடும் அதற்கு மோசமான பெயரைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தன. 1984இல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் கூட்டாக ‘நம்மி’ என்ற பெயரில் அதைத் திறந்து, பழைய ஆட்களில் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்தன. அவர்களைப் பழக்கும் ஏற்பாட்டுக்காக ஜப்பானில் டொயோட்டாவில் வேலை பார்த்த அமெரிக்கர் ஜான் ஷூக், ஜப்பானியப் பயிற்சிமுறையை அமெரிக்கர்களுக்குப் புரியவைக்கப் போராடிக்கொண்டிருந்தார். அப்போது டொயோட்டாவின் பயிற்சித் துறை மூத்தவர் இசாவோ கட்டோ, தன் கோப்புகளிலிருந்து பழுத்து ஓரம் மடங்கிப்போன ஓர் ஆங்கிலக் கையேட்டை எடுத்துக் காட்டியதாக ஷூக் எழுதியிருக்கிறார். அமெரிக்க அரசின் போர்க்காலக் கையேடு. ஜப்பானின் தொழில் ரகசியம் என்று தேடிப்போனது அவருடைய சொந்த ஊர்ச் சரக்கு.

ஃப்ரீமான்ட் ஆலை, அதே ஆட்களோடு, சீக்கிரத்திலேயே ஜி.எம். ஆலைகளில் தரத்துக்குப் பெயர் பெற்றது. அட்டையால் மட்டும் வந்ததல்ல அது: வேலைப் பாதுகாப்பு உறுதி, லைனை நிறுத்தும் கயிற்றை யாரும் இழுக்கலாம் என்ற உரிமை, ஜப்பானுக்கே போய்ப் பார்த்த அனுபவம் எல்லாம் சேர்ந்தன. ஆனால் பழியைத் தொழிலாளி மேல் போட்டுப் பழகிய இடத்தில், அந்த அட்டையின் கடைசி வரி எவ்வளவு அந்நியமாக ஒலித்திருக்கும்.

ஆலன் ராபின்சனும் டீன் ஷ்ரோடரும் 1993இல் இந்தக் கதையை மேலாண்மை இதழில் எழுதினார்கள். 2000க்குப் பின் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பக்கம் முறை மறுபடி கிளம்பியது. சியாட்டலின் விர்ஜீனியா மேசன் மருத்துவமனை கை கழுவுவதைக் கற்பிக்கவே இதைப் பயன்படுத்தியது. தினமும் செய்யும் காரியத்தையா என்று தோன்றும். மருத்துவமனைத் தொற்று பற்றித் தெரிந்தவருக்கு அந்தச் சந்தேகம் வராது. எல்லோரும் செய்வதாக நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு மாதிரி செய்யும் காரியம்தான் அது.

இதே காலத்தில் கம்பெனிப் பயிற்சியின் பெரும்பகுதி வேறு திசையில் போய்விட்டது. திரையில் ஸ்லைடு ஓடும், கடைசியில் பத்துக் கேள்வி, தவறாகச் சொன்னால் மறுபடி க்ளிக் செய்யலாம், சான்றிதழ் மெயிலில் வரும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியை நான்கு மட்டங்களில் அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் வந்ததா. அநேக இடங்களில் அளப்பது முதல் மட்டத்தை மட்டும். கருத்துப் படிவம் வாங்கியதோடு சரி. அட்டையின் நான்காவது படி நிற்பது அவருடைய மூன்றாவது மட்டத்தில். தனியாக வேலையில் விடு, சந்தேகம் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று ஆளைக் காட்டு, அடிக்கடி போய்ப் பார், கேள்வி கேட்கச் சொல், மெல்ல மெல்லக் குறைத்துக்கொள். இதற்கு மென்பொருள் போதாது. ஒரு மேற்பார்வையாளரின் காலைப் பொழுது வேண்டும், அந்தப் பொழுதுக்குச் சம்பளம் வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்தப் பொழுதுதான்.

நம்மி 2010இல் மூடப்பட்டது. அந்த ஆலையில் இப்போது டெஸ்லா கார் செய்கிறது. அட்டையும் கையேடுகளும் அமெரிக்க அரசு வெளியீடுகள் என்பதால் அவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. யாரும் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். ஆலோசனை நிறுவனங்கள் கட்டணம் வாங்குவது, பத்துப் பேரை உட்காரவைத்து அந்தப் பத்து மணி நேரத்தை நடத்தித் தரும் ஆளுக்கு.