பாக்கு நீரிணையின் பெயர் வரலாறு

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில், பூகோளப் பாடம் படிக்கும் குழந்தைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கோடிக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே உள்ள கடலுக்குப் 'பாக்கு நீரிணை' என்று பெயர் வருவானேன்? வெற்றிலை பாக்கு ஏற்றிய தோணிகள் அவ்வழியே சென்றிருக்கும் என்று சொல்லிவிடுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மை வேறு. அது கமுகம் பாக்கு அன்று. ஓர் ஆங்கிலேயரின் குடும்பப் பெயர். அவரே சர் ராபர்ட் பாக்.

1717-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், ஆஷ்பர்ட்டன் ஊரைச் சார்ந்த எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்று, 1739-இல் திருச்சபைப் பணியில் புகுந்தார். பின்னர் இந்தியா போந்து, கடலூரை அடுத்த செயிண்ட் டேவிட் கோட்டையில் கம்பெனியாரின் பாதிரியாரானார். ஜெபம் செய்ய வந்தவர் விரைவிலேயே கணக்கையும் ராஜதந்திரத்தையும் கற்றுக்கொண்டார். 1754-இல் சதுரங்கப்பட்டினத்தில் பிரெஞ்சுக்காரருடன் நடந்த சமாதானப் பேச்சில் அவரும் ஹென்றி வான்சிட்டார்ட்டும் ஆங்கிலேயர் தரப்பில் அமர்ந்தனர். பிற்காலத்தில் வங்காளத்தின் கவர்னராக விளங்கிய அந்த வான்சிட்டார்ட்டின் சகோதரி ஆன் என்பவரை 1761-இல் பாக் மணந்தார். நட்பும் உறவும் பதவியும் ஒன்றையொன்று தாங்கி நின்ற காலம் அது.

1763 முதல் 1767 வரை பாக் சென்னையின் கவர்னராக இருந்தார். அக்காலத்தில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை நாம் மறத்தல் ஆகாது. முதலாவது, மதுரையை ஆண்ட கான் சாகிப் யூசுப்கானின் முடிவு. கம்பெனிக்காகப் பல போர்களில் வென்ற அவ்வீரர், நவாபுக்கு அடங்க மறுத்தார். கம்பெனிப் படை மதுரையை முற்றுகையிட்டது. உடனிருந்தோராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். இரண்டாவது, 1766-இல் ஹைதராபாத் நிஜாமுடன் செய்துகொண்ட உடன்படிக்கை. அது கம்பெனியை ஹைதர் அலியுடன் போரில் இழுத்துவிட்டது. 1769-இல் ஹைதரின் குதிரைப் படை சென்னையின் வாயிலை எட்டியபோது, பாக் தாய்நாட்டில் இருந்தார்.

அங்கு அவர் டெவனில் ஹால்டன் மாளிகையை வாங்கினார், பாராளுமன்ற உறுப்பினரானார், 1772-இல் பாரனெட் பட்டம் பெற்றார். தம் மகனுக்கு, நண்பரான தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்ஸின் பெயரையே சூட்டினார். 1775-இல் மணமாகாமலே மறைந்த அத்தளபதி, தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பாக் குடும்பத்துக்கே விட்டுச் சென்றார். நன்றி மறவாத பாக், ஹால்டன் குன்றின்மேல் 1788-இல் அவர் நினைவாக ஒரு கோபுரம் எழுப்பினார். 1798-இல் பாக் காலமானார். மகனும் பாராளுமன்றம் சென்றார். அவ்வழியில் வந்த ஒருவர் 1880-இல் ஹால்டன் பிரபு ஆனார். ஆயினும் செல்வம் நிலைக்கவில்லை. மாளிகையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. 1939-இல் பட்டமும் வாரிசின்றி மறைந்தது. குன்றின்மேல் கோபுரம் மட்டும் நிற்கிறது.

பாக் நண்பரை மறவாதவர், குடும்பத்தை உயர்த்தியவர். அவை நற்குணங்களே. ஆனால் அவ்வுயர்வுக்கு அடிப்படையான பொருள் நம் நாட்டில் ஈட்டியது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கடலுக்கு அவர் பெயரை இட்டது ஆட்சி. தூக்கிலிடப்பட்ட கான் சாகிப்பின் பெயரையோ, மதுரை மக்கள் தங்கள் கான்சாமேட்டுத் தெருவில் இன்றும் வைத்திருக்கிறார்கள். நிலப்படத்தில் உள்ள பெயரைக் குழந்தை கேட்கும்போது, தெருவில் உள்ள பெயரையும் நாம் சேர்த்துச் சொல்வோமாக.