முச்சுருள் கட்டமைப்பும் குருத்தெலும்பின் சிதைவும்: சென்னை ஆய்வு மரபு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

கொலாஜன் ஆய்வில் சென்னையின் இடம் பெரும்பாலும் ஒரு முன்னுரிமைப் பூசலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் நேச்சர் இதழில் தம் மாதிரியை வெளியிட்டதும், அடுத்த ஆண்டு அதைத் திருத்திச் சுருள்மேல் சுருளாக அமைத்ததும், ரிச்–கிரிக் இணையர் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையை மறுத்ததும் பலமுறை சொல்லப்பட்டவை. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு பிணைப்புகளா, ஒன்றா என்னும் அவ்விவாதத்தைக் காட்டிலும், அம்மாதிரி மூட்டழற்சி ஆய்வுக்கு அளித்த விளக்கமே பெரிது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவுபடவில்லை என்று குறிப்பிட்டதே இராமச்சந்திரனை அப்பொருளுக்குத் திருப்பியது. 1948இல் அடையாற்றில் தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கங்காரு வால் தசைநாணை அளித்தது. தோல் பதனிடுதல் என்பதே கொலாஜனை நிலைப்படுத்தும் தொழில் அன்றோ!

ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் அமைவதால் மூன்று இழைகளும் நெருங்கி முறுக்குண்கின்றன. அந்நெருக்கமே சாதாரண நொதிகளிடமிருந்து அவற்றைக் காக்கிறது. அவ்வாறாயின் உடல் அதை எவ்வாறு சிதைக்கிறது? 1962இல் கிராசும் லாப்பியேரும் தலைப்பிரட்டையின் வாலில் கொலாஜனைச் சிதைக்கும் நொதியைக் கண்டனர். இவ்வகை நொதி முச்சுருளை முக்கால் பங்குத் தொலைவில் ஓரிடத்தில் வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகள் உடல் வெப்பத்தில் அவிழ்ந்துவிடுகின்றன.

1977இல் ஹானர் ஃபெல்லும் ஜப்பும் மூட்டுச்சவ்வைக் குருத்தெலும்பைத் தொடாமல் அருகில் வைத்து வளர்த்தபோது, உயிருள்ள குருத்தெலும்பு மட்டும் சிதைந்தது. சவ்விலிருந்து வந்த குறிப்பை ஏற்றுக் குருத்தெலும்பின் உயிரணுக்களே தம் சூழலை அழித்தன. 'கேட்டபாலின்' எனப்பட்ட அக்காரணி 1980களில் இன்டர்லூக்கின்-1 என இனங்காணப்பட்டது.

நலமான குருத்தெலும்பில் இரண்டாம் வகைக் கொலாஜன் பல பத்தாண்டுகள் புதுப்பிக்கப்படாமலே நிலைக்கிறது. அழற்சிக் குறிப்புகள் பெருகும்போது முதலில் இழக்கப்படுவது அக்ரிகன். அதை உயிரணுக்கள் மீண்டும் ஆக்கவல்லவை. எம்.எம்.பி.-13 போன்ற நொதிகள் கொலாஜன் வலையை வெட்டியபின் இழப்பு ஏறத்தாழ மீளாததாகிறது. பழைய வலையின் ஒழுங்கை முதிர்ந்த உயிரணுவால் மீண்டும் நெய்ய இயலாமையே இதற்குக் காரணம்.