அண்ணல் எழுதிய டிரஸ்ட்

1948 ஏப்ரல் 9 அன்று இந்து சட்டத் தொகுப்பு மசோதா குறித்து அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய உரையில், மணமுறிவையும் மகளுக்கான பங்கையும் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வரதட்சணை பற்றிய பகுதியைத்தான் தாண்டிப் போய்விடுகிறோம். திருமணத்தில் பெண்ணுக்காகக் கொடுக்கப்படும் பொருள் அவளுக்கான டிரஸ்ட் சொத்து. 18 வயதில் அவள் அதைக் கேட்டு வாங்கலாம். கணவனுக்கும் அவன் வீட்டாருக்கும் அதில் எந்த உரிமையும் கிடையாது. மசோதா சொன்னது இதுதான்.

டிரஸ்ட் என்றால், பொருள் ஒருவர் கையில் இருக்கும், பயன் இன்னொருவருக்குச் சேரும். வைத்திருப்பவர் தனதென்று சொல்ல முடியாது.

மணமுறிவு வந்தால் குடும்பமே அழியும் என்று சனாதனிகள் கூச்சலிட்டார்கள். இந்துக்களில் பெரும்பான்மையான சூத்திரர்களிடம் மணமுறிவு வழக்கத்தில் இருக்கிறதே என்று அண்ணல் திருப்பிக் கேட்டார். நம் ஊர்களில் 'அத்து விடுறது' என்பார்களே, அதுதான். அத்துவிட்டுப் போகிற பெண்ணின் கையில் என்ன இருந்தது என்பது வேறு கதை.

மசோதா முடக்கப்பட்டது. 1951 செப்டம்பரில் அண்ணல் பதவி விலகினார். பிறகு அதையே துண்டு துண்டாக வெட்டி 1955, 1956இல் நிறைவேற்றினார்கள். டிரஸ்ட் என்ற கருத்து 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6ஆவது பிரிவில் திரும்பி வந்தது. 1985இல் பிரதிபா ராணி வழக்கில், சீதனம் முழுக்க முழுக்க மனைவியுடையது, அதைத் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்றது உச்ச நீதிமன்றம்.

சரி, இதெல்லாம் பெண் கொண்டுவந்த பொருள். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்து இருவரும் உண்டாக்கியது? இந்து திருமணச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, திருமணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருட்களோடு நின்றுவிடுகிறது. 25ஆவது பிரிவு தருவது ஜீவனாம்சம். அது நீதிமன்றம் பார்த்துக் கொடுக்கும் தொகை, பங்கு அல்ல.

பணக்கார வீடுகளில் சொத்தைக் குடும்ப டிரஸ்ட் பெயரில் எழுதி வைக்கிறார்கள். விவாகரத்து என்று வரும்போது கணவன் பெயரில் ஒரு செங்கல்கூட இருக்காது. பெண்ணைக் காக்க அண்ணல் கையிலெடுத்த அதே கருவி! சேரியில் இதற்குப் பத்திரமே தேவையில்லை. பட்டா மாமனார் பெயரில் இருந்தால் போதும், மருமகள் சித்தாள் வேலைக்குப் போய்க் கட்டிய சுவரும் அவளுக்கு இல்லாமல் போகும்.

கோவாவில் போர்த்துகீசியர் காலத்திலிருந்தே, வேறு ஒப்பந்தம் எழுதாத தம்பதியின் சொத்து பொதுச் சொத்து. பிரிந்தால் பாதிப் பாதி. ஆக, இந்திய மண்ணில் நடக்காத காரியம் இல்லை. கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் திருத்த மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டாமலே 2014இல் காலாவதியானது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு எழுதினார். கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்து வீட்டை நடத்தினார். அந்த உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புதான் என்று சொல்லி மனைவிக்குச் சரிபாதி கொடுத்தார். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் அதை முழுமையாக வாசிக்க வேண்டும். அது விவாகரத்து வழக்கு அல்ல, சொத்து யாருடையது என்ற உரிமையியல் வழக்கு. விவாகரத்து கேட்டு வரும் பெண்ணுக்கு அதே பாதியை உறுதி செய்யும் பிரிவு இந்து திருமணச் சட்டத்தில் இன்னும் எழுதப்படவில்லை.