மரம் சொன்ன வயது

உங்கள் ஊரில் பழைய கோயில் ஒன்று இருந்தால், அதன் வயது என்ன என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆயிரம் ஆண்டு இருக்கும் என்பார் ஒருவர். இன்னொருவர் அதை இரண்டாயிரம் ஆக்குவார். வயது கூடக் கூடப் பெருமையும் கூடும் என்பது நம் எண்ணம். இது நமக்கு மட்டும் உரிய எண்ணம் அன்று. இங்கிலாந்தில் ஒரு சிறிய தேவாலயத்தின் வயதை அறிவியல் முறையில் கணக்கிட்டபோது, அதில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் குறைந்துவிட்டன. அதனால் அதன் பெருமையும் குறைந்ததா?

லண்டனுக்கு வடகிழக்கே, எசெக்ஸ் வட்டாரத்தில் சிப்பிங் ஆங்கர் என்னும் சிறு நகரம் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் நடந்தால் கிரீன்ஸ்டெட் என்ற சிற்றூர். அங்குள்ள தூய அந்திரேயா தேவாலயம் உருவத்தில் சிறியது. ஆனால் அதன் முன் நின்றால் மூன்று காலங்களை ஒருங்கே காணலாம். மேற்கே, வெள்ளைப் பலகைகள் வேய்ந்த மரக் கோபுரம்; அதிலுள்ள மணியில் 1618 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. கிழக்கே, ஏறத்தாழ 1500-இல் செங்கல்லால் கட்டப்பட்ட பீடப்பகுதி. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் அதிசயம்: மக்கள் அமரும் கூடத்தின் சுவர்கள் கல்லும் அல்ல, செங்கல்லும் அல்ல, வரிசையாக நிறுத்தப்பட்ட ஓக் மரத் துண்டங்கள்!

சுவரான மரங்கள்

பெரிய ஓக் மரங்களை நெடுக்கில் பிளந்து, வளைந்த பக்கம் வெளியேயும் தட்டையான பக்கம் உள்ளேயுமாக நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்தடுத்த துண்டங்களின் விளிம்பில் காடி எடுத்து, அதனுள் மெல்லிய மரச்சட்டத்தைச் செருகிக் குளிர்காற்றும் மழையும் புகாமல் அடைத்திருக்கிறார்கள். உட்புறத்தில் வாய்ச்சியால் செதுக்கிய தடங்கள் இன்றும் தெரிகின்றன.

மரத்துக்குப் பகை ஈரம். நிறுத்தி வைத்த மரத்தின் அடிமுனையில் நுண்குழாய்களின் வாய்கள் திறந்திருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, தரையின் ஈரம் அவற்றின் வழியே மேலேறும். இயற்பியலில் இதை நுண்புழை ஏற்றம் என்கிறோம். ஈரமும் காற்றும் சேரும் இடத்தில் பூஞ்சை வளர்ந்து மரத்தை உளுக்கச் செய்யும். கிரீன்ஸ்டெட் மரங்களுக்கும் இக்கதி நேர்ந்தது. 1848-இல் தொடங்கிய திருப்பணியின்போது, உளுத்த அடிப்பகுதிகளை வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய மரங்களைச் செங்கல் அடித்தளத்தின்மேல் நிறுத்தினார்கள். ஆகவே சுவர்களின் உயரம் சற்றுக் குறைந்தது. ஆனால் ஆயுள் நீண்டது.

வளையங்களின் கணக்கு

இச்சுவர்கள் கி.பி. 845-ஐச் சேர்ந்தவை என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 1995-இல் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது விடை மாறியது.

இந்த முறையை வகுத்தவர் தாவர அறிஞர் அல்லர், வானியல் அறிஞர் என்பதைக் கேட்டால் வியப்பீர்கள். அமெரிக்கரான டக்ளஸ், சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சி மரங்களின் வளர்ச்சியில் பதிந்திருக்குமா என்று தேடப் புகுந்தார். அந்தத் தேடலே பழைய கட்டிடங்களின் காலத்தை அறியும் வழியாயிற்று. அரிசோனா பகுதியின் தொல்குடிக் குடியிருப்புகளுக்கு 1929-இல் அவர் திட்டமான ஆண்டுகளைக் கண்டு சொன்னார்.

முறை எளிதானது. வளர்ச்சிக்கு ஏற்ற ஆண்டில் மரத்தின் வளையம் அகலமாக அமையும். வறண்ட ஆண்டில் குறுகும். ஒரு வட்டாரத்தில் ஒரே காலத்தில் வளர்ந்த ஓக் மரங்கள் எல்லாவற்றிலும் இந்த அகல-குறுகல் வரிசை பெரும்பாலும் ஒத்திருக்கும். இன்று வெட்டிய மரத்தின் உள்வளையங்கள், ஒரு பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருந்தும். அந்த உத்தரத்தின் உள்வளையங்கள் அதைவிடப் பழைய மரத்தோடு பொருந்தும். இப்படிக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பல நூற்றாண்டுகள் பின்னே செல்லலாம். வயது தெரியாத மரத்தின் வளைய வரிசை இந்தச் சங்கிலியில் எங்கே பொருந்துகிறதோ, அதுவே அது வளர்ந்த காலம்.

கிரீன்ஸ்டெட் மரங்களில் கிடைத்த கடைசி வளையம் 1053-ஆம் ஆண்டுக்குரியது. அப்படியானால் மரத்தை வெட்டியதும் அதே ஆண்டில்தானா? இல்லை. வைரக்கட்டையைச் சுற்றி, பட்டைக்கு உட்புறமாக, மென்மையான சாற்றுக்கட்டை இருக்கும். அது எளிதில் அழிந்துவிடும். இங்கிலாந்து ஓக் மரத்தில் சாற்றுக்கட்டை பொதுவாக 10 முதல் 55 வளையங்கள் கொண்டது. அழிந்த வளையங்களைக் கூட்டினால், மரம் வெட்டப்பட்ட காலம் 1063-க்கும் 1108-க்கும் இடைப்பட்டது என்றாகிறது. ஒற்றை ஆண்டைச் சொல்லாமல் எல்லையைச் சொல்வதைக் கவனியுங்கள். எவ்வளவு தெரியும் என்பதோடு எவ்வளவு வரை பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே அளவீட்டின் நேர்மை.

மரபு பொய்யா?

டேனியரால் 869-இல் கொல்லப்பட்ட எட்மண்ட் மன்னரின் உடலை, 1013-இல் லண்டனிலிருந்து எடுத்துச் சென்றபோது, ஆங்கருக்கு அருகில் ஒரு மரக்கோயிலில் வைத்திருந்தார்கள் என்பது மரபு. அந்தக் கோயில் இதுவே என்று ஊரார் நம்பினர். ஆனால் 1063-க்குப் பின் வெட்டிய மரங்கள் 1013-இல் சுவராக நின்றிருக்க முடியாதே!

இதனால் மரபு பொய்யாகிவிடவில்லை. 1960-இல் பீடப்பகுதியின் தரைக்கடியே அகழ்ந்தபோது, அங்கு முன்பே மரக்கட்டுமானங்கள் இருந்ததற்கான தடயங்கள் கிடைத்தன. மன்னர் உடல் தங்கியது அப்படியொரு பழைய கோயிலாக இருந்திருக்கலாம். இடத்தின் வயது வேறு, சுவரின் வயது வேறு. நாம் கோயில்களின் பழமையைப் பேசும்போது இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

இருநூறு ஆண்டுகள் குறைந்த பிறகும், ஐரோப்பாவில் நிற்கும் மரத்தேவாலயங்களில் மிகப் பழையதாகவே கிரீன்ஸ்டெட் மதிக்கப்படுகிறது. வழிபாடும் இன்றுவரை நடந்து வருகிறது.

அடுத்த முறை மரவாடிப் பக்கம் போனால், வெட்டிய தேக்கு மரத்தின் முனையை உற்றுப் பாருங்கள். வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியாது, தேக்கில் தெரியும். பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணிக்கொண்டே போய், நீங்கள் பிறந்த ஆண்டின் வளையம் எது என்று கண்டுபிடியுங்கள். மரம் எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்று கடைக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ள மறக்காதீர்கள்!