எல்டே பாறையில் மூன்று மீனவர்கள்

எட்டாவது படிக்கும் என் மகளுக்கு ஆங்கிலப் பாடத்தில் காம்ப்ரிஹென்ஷன் என்று ஒரு பயிற்சி உண்டு. அரைப் பக்கத்துக்கு ஒரு பத்தி, கீழே ஐந்து கேள்விகள். போன மாதம் வந்த பத்தி, கிரேட் ஆக் என்ற கடற்பறவை அழிந்த கதை. வட அட்லாண்டிக்கில் வாழ்ந்த, பறக்கத் தெரியாத பறவை. 1844 ஜூன் 3ஆம் தேதி, ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் எல்டே என்ற பாறைத்தீவில் மூன்று மீனவர்கள் கடைசி ஜோடியைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்களாம். அது அடைகாத்த முட்டையை ஒருவன் பூட்ஸ் காலால் மிதித்து உடைத்தானாம். நாலாவது கேள்வி: இந்த இனம் அழிந்ததற்குக் காரணம் யார்? மகள் எழுதிய விடை: மூன்று மீனவர்கள். சிவப்பு மையில் டிக் விழுந்திருந்தது.

"பத்தியில இருக்கறதைத்தானே எழுதணும்ப்பா?" என்றாள். நியாயம்தான், அந்தப் பயிற்சியின் விதியே அது. ஆனால் எனக்கு என்னவோ போல் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் வைத்திக்குப்பத்துப் பிள்ளை, அப்பா கடலுக்குப் போகிறவர். அந்தப் பெண்ணும் அதே விடையை எழுதி அதே டிக் வாங்கியிருப்பாள்.

பழைய பழக்கம் விடுமா? அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

முதலில் பெயரிலேயே ஒரு வேடிக்கை. எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது பேங்குவேன்" என்றார். பென்குவின் இல்லையே தாத்தா என்றேன். "பென்குவினுக்கு எங்க பாஷையில மான்ஷோன்னு பேரு. பேங்குவேன் வேற" என்று ஒரே போடாகப் போட்டார்.

அவர் சொன்னது சரி. பென்குவின் என்ற பெயர் முதலில் இந்த வடகடல் பறவைக்குத்தான் இருந்தது. ஐரோப்பிய மாலுமிகள் பிறகு தெற்கே போனபோது, கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக நிமிர்ந்து நடக்கும் வேறொரு பறவையைப் பார்த்து அதே பெயரால் கூப்பிட்டார்கள். இரண்டுக்கும் உறவு கிடையாது. பழைய சொந்தக்காரர் செத்துப்போக, பெயர் தெற்கத்திப் பறவைக்கே நிலைத்துவிட்டது. பிரெஞ்சு மட்டும் முறைப்படி இரண்டையும் இன்னும் பிரித்தே வைத்திருக்கிறது. (பாரிஸிலும் தெருவில் போகிறவரைக் கேட்டால் குழப்பிக்கொள்வார் என்கிறார்கள். எங்கள் தாத்தா குழம்பவில்லை.) அறிவியல் பெயரிலும் பழைய உரிமை இருக்கிறது: பிங்குயினஸ் இம்பென்னிஸ்.

உயரம் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர், எடை 5 கிலோ போல. இறக்கை சாண் நீளம்கூட இல்லை, நீந்த மட்டுமே உதவும். தண்ணீருக்குள் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் முட்டையிடத் தரைக்கு வந்தாக வேண்டும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் பாறை மேல். மனிதன் எளிதில் ஏற முடியாத பாறைத்தீவுகளாகப் பார்த்துத்தான் அது வாழ்ந்தது.

அப்படி ஒன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு வெளியே இருக்கும் ஃபங்க் தீவு. 1534இல் ழாக் கார்த்தியே அங்கே போனபோது, அரை மணி நேரத்துக்குள் இரண்டு படகுகளை இந்தப் பறவைகளால் நிரப்பினார்கள் என்று அவர் பயணக் குறிப்பு சொல்கிறது. (கார்த்தியேவின் ஊர் சேன் மாலோ. 1746இல் மதராஸைப் பிடித்த லபூர்தொனேவும் அதே ஊர்க்காரர்தான். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு படித்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும்.) கார்த்தியேவுக்குப் பின் வந்த மீன்பிடிக் கப்பல்களுக்கு அந்தத் தீவு ஓர் இலவச மளிகைக்கடை. இறைச்சிக்கென்று எதையும் ஊரிலிருந்து ஏற்றி வர வேண்டாம், போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பிட்டதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்குமோ என்னவோ. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மெத்தை, தலையணைக்கு இறகு எடுக்கிறவர்கள் வந்தார்கள். கோடை முழுக்கத் தீவிலேயே தங்குவார்கள். இறகு சுலபமாகக் கழன்று வர, பறவையை வெந்நீரில் முக்க வேண்டும். தண்ணீர் காய்ச்ச விறகு வேண்டும். ஃபங்க் தீவிலோ மரமே இல்லை. அதனால் பறவையையே விறகாக எரித்தார்கள். அவ்வளவு கொழுப்பு அதன் உடம்பில். இந்த இடத்தைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 1785இல் ஜார்ஜ் கார்ட்ரைட் என்ற வணிகர், இதை நிறுத்தாவிட்டால் இந்த இனமே இல்லாமல் போய்விடும் என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். 1800 வாக்கில் ஃபங்க் தீவில் ஒன்றுகூட மிச்சமில்லை. இன்று அங்கே பஃபின் என்ற வேறொரு கடற்பறவை வளை தோண்டி முட்டையிடுகிறது. அது தோண்டும் மண்ணே, செத்த ஆக் பறவைகள் மக்கி உண்டானதுதான்.

ஆக, 1844க்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே கதை முக்கால்வாசி முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தவை ஐஸ்லாந்துப் பக்கம். அங்கே கெய்ர்ஃபுக்லாஸ்கேர், அதாவது ஆக் பாறை என்றே பெயர் கொண்ட ஒரு தீவு இருந்தது. சுற்றிலும் நீரோட்டம் மோசம், படகு அணைய முடியாது. 1830இல் கடலடி எரிமலை வெடித்ததில் அந்தப் பாறையே முங்கிப்போயிற்று. தப்பிய பறவைகள் கரைக்கு நெருக்கமாக இருந்த எல்டேவுக்கு வந்து சேர்ந்தன. சனியன் வேறு ரூபத்தில் வந்தது என்பார்களே, அதுதான். ஐரோப்பிய அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் அந்த நேரத்தில்தான் இது அரிதாகிவிட்டது என்று உணர்ந்தார்கள். உணர்ந்து என்ன செய்தார்கள்? ஆளுக்கு ஒன்று வேண்டும் என்று விலை பேசினார்கள். எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறியது. விலை ஏற ஏற ஆட்கள் பாறைக்குப் போனார்கள்.

இப்போது அந்த மூன்று பேர். இவ்வளவு விவரமாக நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஜான் வூலி, ஆல்ஃபிரட் நியூட்டன் என்ற இரண்டு ஆங்கிலேயப் பறவை ஆர்வலர்கள். 1858இல், ஆக் இன்னும் உயிரோடிருக்கும், முட்டையும் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு ஐஸ்லாந்து போனார்கள். எல்டேவுக்குப் போகக் கடல் வழி விடவில்லை. வாரக்கணக்கில் கரையிலேயே கிடந்தார்கள். சும்மா இருந்த நேரத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: 1844இல் போன படகில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். போனவர்கள் 14 பேர், இரண்டு பேர் இறந்திருந்தார்கள். மிச்சம் 12 பேரிடமும் கேட்டாயிற்று. வூலி அடுத்த வருஷமே இறந்துவிட, அவர் குறிப்புகளை வைத்து நியூட்டன் 1861இல் ஐபிஸ் இதழில் எழுதினார்.

அதன்படி: கார்ல் சீம்சன் என்பவர் பறவை வேண்டும் என்று தூண்டிவிட்டதால்தான் படகு கிளம்பியது. வில்யால்முர் ஹாக்கோனார்சன் தலைமையில் எட்டுத் துடுப்புப் படகு, ஜூன் 2க்கும் 5க்கும் இடையில் ஒரு சாயங்காலம் புறப்பட்டது. 3ஆம் தேதி என்று அடித்துச் சொல்ல அதில் இடமே இல்லை. மறுநாள் காலை அலை மோதும் பாறையில் யோன் பிரான்ட்சன், சிகுர்துர் இஸ்லைஃப்சன், கெட்டில் கெட்டில்சன் மூவரும் குதித்தார்கள். நாலாவது ஆளைக் கூப்பிட்டபோது, ஆபத்து என்று மறுத்துவிட்டான். மற்றக் கடற்பறவைகளின் கூட்டத்துக்கு நடுவே இரண்டு ஆக் உட்கார்ந்திருந்தன. அவை எதிர்க்கவில்லை, கத்தவில்லை. தலையை நிமிர்த்தி, சின்ன இறக்கையைக் கொஞ்சம் விரித்து, ஒரு மனுஷன் நடக்கும் வேகத்தில் ஓடின. ஒன்றை யோன் மூலையில் மடக்கினார். இன்னொன்றைச் சிகுர்துர் பாறை விளிம்பில் பிடித்தார். கெட்டில் திரும்பி வந்து பார்த்தபோது எரிமலைக் கல் மேல் ஒரு முட்டை. கையில் எடுத்தார், ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது, அங்கேயே வைத்துவிட்டார்.

பூட்ஸ் கால் எங்கே? நியூட்டன் எழுதியதில் அது இல்லை. பின்னால் வந்தவர்கள் எழுதிய புத்தகங்களில் அது ஏறி, அங்கிருந்து பத்தியாகி, பாண்டிச்சேரியில் ஒரு எட்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. சர்வர் விழுந்தால், கடைசியாக கமாண்ட் அடித்தவன் பெயர் லாகில் இருக்கும். உடனே எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆறு மாதமாக டிஸ்க் நிரம்பிக்கொண்டிருந்தது லாகில் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. இந்த மூவரும் லாகில் கடைசி வரி. அதிலும் அவர்கள் உண்மையில் கடைசியா என்பதே சந்தேகம். 1852இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் ஒரு பறவை தென்பட்டதாக வந்த செய்தியை நிபுணர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தோழியின் அப்பாவை ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது கதை முழுவதையும் சொன்னேன். குதிக்க மறுத்த நாலாவது ஆளுக்குச் சிரித்தார். "அவன்தான் சார் கடல் தெரிஞ்சவன்" என்றார். அப்புறம் நான் யோசிக்காத ஒன்றைக் கேட்டார்: "எவ்ளோ குடுத்தாங்க?"

இரண்டு பறவைக்கும் சேர்த்து 80 டேனிஷ் வெள்ளி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 9 பவுண்டு. 14 பேர் போன படகு. "படகுப் பங்கு போக ஆளுக்கு என்ன மிஞ்சும்?" என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பறவைகள் ரெய்க்யாவிக் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தன. உள்ளுறுப்புகள் இன்றும் கோபன்ஹேகனில் சாராயத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன. 2017இல் அவற்றோடு மரபணு ஒப்பிட்டுப் பார்த்ததில், ஆண் பறவையின் தோல் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்தது. 1971இல் லண்டன் ஏலத்தில் வேறொரு பாடம் செய்த ஆக் வந்தபோது, ஐஸ்லாந்து மக்கள் பணம் திரட்டி அதை வாங்கித் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். விலை 9,000 பவுண்டு. இதைச் சொன்னதும் அவர் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டார்.

நியூட்டனும் முட்டை சேகரிக்கத்தான் ஐஸ்லாந்து போனார் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அந்த 12 பேரின் பேச்சு அவரைச் சும்மா விடவில்லை. முட்டையிடும் காலத்தில் கடற்பறவைகளைச் சுடக் கூடாது என்று வாதாடினார். பிரிட்டனில் 1869இல் வந்த கடற்பறவைகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு அவர் பேச்சும் ஒரு காரணம்.

மகளிடம் எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ நாலாவது கேள்விக்கு என்ன எழுதணும்?" என்றாள். நான் சொல்லச் சொல்ல எழுதிப் பார்த்தாள். கொடுத்திருந்த இரண்டு வரி இடம் போதாமல் மார்ஜினில் ஏறி, பக்கத்தின் மறுபுறம் போயிற்று. பூட்ஸ் காலை மட்டும் பத்தியிலேயே பென்சிலால் அடித்துவிட்டாள்.

பென்குவின் பெயர்க் குழப்பத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. பாண்டிச்சேரியிலும் ஏனாமிலும் பல வருஷம் இருந்த பியேர் சொனெரா, 1776இல் ஒரு புத்தகம் போட்டு நியூகினியில் மான்ஷோ இருக்கிறது என்று எழுதிவிட்டார். அவர் நியூகினிக்குப் போனதே இல்லை. அதை நம்பி வைத்த பாப்புவா என்ற பெயர் அண்டார்டிக் பக்கத்து ஜென்டூ பென்குவினுக்கு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரிலும் அவர் இருக்கிறார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.