ரத்தக் கொழுப்பு: வயிற்று உறுப்புகளில் ஏற்படும் மாற்றங்கள் என்னென்ன?

ரத்தத்தில் கொழுப்பு அளவு மாறினால் இதயம் பாதிக்கப்படும் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் கல்லீரல், பித்தப்பை, கணையம் ஆகிய செரிமான உறுப்புகளும் அதனால் பாதிக்கப்படுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நிதியுதவியுடன் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 81.2 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு வகைக் கொழுப்பின் அளவு இயல்புக்கு மாறாக உள்ளது.

கல்லீரல்

கல்லீரல் செல்களில் 5 சதவீதமோ அதற்கு மேலோ கொழுப்பு படிந்திருந்தால் அது 'கொழுப்புக் கல்லீரல்' எனப்படுகிறது. தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறிகள் இருப்பதில்லை. சிலருக்கு இது அழற்சியாகவும், நாளடைவில் கல்லீரல் சுருக்கமாகவும் மாறக்கூடும்.

பித்தப்பை

உடலில் மிகும் கொலஸ்ட்ராலைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்றுகிறது. பித்தநீரில் கரையும் அளவைத் தாண்டினால் அது படிகமாகிக் கல்லாக உருவெடுக்கிறது. ட்ரைகிளிசரைடு மிகுந்தும், நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைந்தும் இருப்போருக்கு இந்த வாய்ப்பு அதிகம். மொத்த கொலஸ்ட்ரால் இயல்பாக இருந்தாலும் கல் உருவாகலாம்.

கணையம்

ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பதே இயல்பு. அது 500-ஐக் கடந்தால் கணைய அழற்சிக்கான அபாயம் தொடங்குகிறது. 1,000-ஐக் கடந்தால் அபாயம் வெகுவாக உயர்கிறது. கணைய நொதி இக்கொழுப்பைச் சிதைக்கும்போது வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் கணையச் செல்களையே சேதப்படுத்துகின்றன. கட்டுப்படாத சர்க்கரை நோய், மது, பரம்பரைக் குறைபாடு ஆகியவை இந்நிலைக்கு முக்கிய காரணங்கள்.

மேல் வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் கடும் வலியும் வாந்தியும் இதன் அறிகுறிகள். இதனை வாயுத் தொல்லை எனக் கருதித் தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு அமிலேஸ் பரிசோதனை முடிவு இயல்பானது போலத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், பழைய கொழுப்புப் பரிசோதனை அறிக்கையை மருத்துவரிடம் காண்பிப்பது அவசியம்.

செய்ய வேண்டியவை

ட்ரைகிளிசரைடு 500-க்கு மேல் இருந்தால், நெஞ்சுவலி இல்லை என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. மதுவை அறவே தவிர்த்து, இனிப்பு, மைதா, எண்ணெய்ப் பண்டங்களைக் குறைப்பதுடன், மருத்துவர் அளிக்கும் மருந்துகளைத் தாமாக நிறுத்தாமல் உட்கொள்ள வேண்டும். உடல் எடையைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அவசரமாகக் குறைத்தால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடும்.