உப்புமலைப் பல்லியின் வெளிர்மேனி வழித்தோன்றல்கள்

இன்று பாகிஸ்தானத்துப் பஞ்சாப் மாகாணத்தில், சிந்து நதிக்கும் ஜீலம் நதிக்கும் இடையே கிடக்கும் உப்புமலைத் தொடரில் கிடைத்த ஒரு பல்லியினத்தை, கல்கத்தா ஏசியாடிக் சங்கத்து அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்வர்டு பிளைத் 1854-ஆம் ஆண்டில் முதன்முதலாக விஞ்ஞான உலகத்துக்கு விவரித்து எழுதினார். மஞ்சள் மேனியில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும் இந்தச் சிறுத்தைப் பல்லிக்கு, நம் வீட்டுச் சுவர்ப் பல்லியைப் போல விரல்களில் ஒட்டும் பட்டைகள் கிடையா. சுவர்ப் பல்லிக்கு இல்லாத அசையும் இமைகளோ இதற்கு உண்டு. கொழுப்பைச் சேமித்து வைக்கும் பருத்த வாலும் உண்டு. பகலின் வெயிலுக்கு அஞ்சிப் பாறையிடுக்கிலும் வளையிலும் பதுங்கிக் கிடந்து, அந்தி மயங்கிய பிறகு வெளிவந்து பூச்சிகளைத் தேடித் தின்பது இதன் சுபாவம்.

இதன் தாயகத்து மக்களுள் பலர் இதைக் கொடிய விஷமுள்ள பிராணி என்று நெடுங்காலமாக நம்பி வந்திருக்கின்றனர். உண்மையில் இதனிடம் விஷம் இம்மியும் இல்லை. கண்டவிடத்தில் அடித்துக் கொல்லப்பட்ட இதே ஜீவன், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் கடந்து அமெரிக்க, ஐரோப்பிய இல்லங்களில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் செல்லப் பிராணியாகக் குடியேறியது விந்தையான மாற்றமேயாகும். சிறையிலும் எளிதில் இனம் பெருக்கும் இயல்பு அதற்கு வழிவகுத்தது. பெண் பல்லி ஒரு பருவத்தில் பலமுறை, முறைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டைகளாக இடும். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதை முட்டையிருக்கும் இடத்தின் வெப்பமே தீர்மானிக்கும். 26 டிகிரி செல்சியஸ் அளவில் அடைகாத்தால் ஏறக்குறைய யாவும் பெண்ணாகப் பிறக்கும். 32 டிகிரியைச் சற்றே கடந்த அளவில் பெரும்பாலும் ஆணாகும். இந்த இரகசியத்தைக் கற்றுக்கொண்ட வளர்ப்போர், இனவிருத்தியின் கடிவாளம் தம் கைக்கு வந்துவிட்டது என்று கண்டனர். அதன் பின்பு அவர்களுடைய கவனம் நிறத்தின்மேல் சென்றதில் வியப்பில்லை.

1996-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் இவ்வினத்தை நெடுங்காலம் வளர்த்துவந்த ரான் டிரெம்பர் என்பவரிடம் கருமையே இல்லாத குஞ்சொன்று முட்டையிலிருந்து வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் வேறு இரு வளர்ப்பிடங்களிலும் இத்தகைய குஞ்சுகள் தனித்தனியே தோன்ற, டிரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்று மூன்று அல்பினோ வமிசங்கள் நிலைபெற்றன. மூன்றும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. எனினும் ஒரு வமிசத்து ஆணை வேறொரு வமிசத்துப் பெண்ணோடு சேர்த்தால், குஞ்சுகள் யாவும் பாட்டன் பூட்டனைப் போலக் கரும்புள்ளிகளோடு பிறக்கின்றன. கருமையை விலக்கும் மாற்றம் ஒவ்வொரு வமிசத்திலும் வெவ்வேறு ஜீனில் நேர்ந்திருப்பதும், தாய் தந்தை இருவரும் அதே மாற்றத்தை வழங்கினாலன்றி அது வெளிப்படாதிருப்பதுமே இதன் காரணம். மேனியில் மறைந்தது மெலனின் என்னும் கருநிறமி மட்டுமே. மஞ்சள் நிறமிகள் அழியாமையால் இப்பல்லி பால்வெண்மையாக இராமல், இளமஞ்சளும் வெளிர்சிவப்பும் கலந்து, காண்போர் மனத்தைக் கவரும் வனப்போடு விளங்குகிறது.

அந்த வனப்பின் மீதிருந்த மோகம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு, பின்னாளில் தோன்றிய ‘லெமன் ஃப்ராஸ்ட்’ என்னும் பளிச்சென்ற மஞ்சள் வகையே சாட்சி. அவற்றுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை தோலில் புற்றுக்கட்டிகளால் அவதியுறுவதையும், அந்த நிறத்தோடு தொடர்புடைய ஜீனே அந்நோயோடும் தொடர்புடையதாயிருப்பதையும் 2021-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நிறத்துக்காக ஓர் உயிரை நோயோடு பிறப்பிப்பதை நான் எவ்வகையிலும் ஏற்கமாட்டேன்.

அல்பினோவின் குறை அத்துணைக் கொடியதன்று. ஆயினும் ஆயுள் முழுதும் தொடர்வது. கண்ணுக்குள் புகும் ஒளியில் மிகுதியானதை உறிஞ்சிக்கொள்ளும் வேலையை விழித்திரையிலும் கருவிழிப் படலத்திலும் செய்துவந்த கருநிறமி இல்லாது போனமையால், அந்திக்கென்றே அமைந்த இக்கண்கள் சாதாரண விளக்கொளியிலும் கூசுகின்றன. ஆகவே இத்தகைய பல்லியைப் புதிதாக வீட்டுக்குக் கொண்டுவருபவர், உப்புமலைப் பாறையிடுக்கின் இருளையே அதற்குத் திருப்பித் தரக் கடமைப்பட்டவராகிறார். பெட்டியைச் சன்னல் வெயில் படாத மூலையில் வைத்து, பிரகாசமான வெப்ப விளக்கைத் தவிர்த்து, ஒளி வீசாத வெப்பத் தகட்டைத் தெர்மோஸ்டாட்டோடு இணைத்து, ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி வரையிலும் மறுபக்கம் 24 டிகிரி அளவிலும் இருக்குமாறு அமைத்தல் வேண்டும். வெப்பப் பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, ஈரப்பாசி இட்டது ஒன்று என மூன்று மறைவிடங்கள் இன்றியமையாதவை. ஈரம் இல்லாவிடில் உரியும் தோல் விரல்நுனிகளில் இறுகி, விரலையே பறித்துவிடக்கூடும். தளர்ந்த மணலை அடியில் பரப்புதல் ஆபத்து. இரையோடு விழுங்கிய மணல் குடலை அடைத்துவிடும்.

வந்து சேர்ந்த முதல் ஒரு வாரமோ பத்து நாளோ, குழந்தைகள் எவ்வளவு ஆசைப்பட்டாலும், அதைக் கையில் எடுக்கலாகாது. வெளியே தலைகாட்டாமல் பதுங்கியே கிடப்பதும் ஓரிரு நாள் இரை தொடாதிருப்பதும் இக்காலத்தில் இயல்பு. அந்தி வேளையில், கால்சியமும் டி3 வைட்டமினும் கலந்த பொடியைத் தூவிய சுவர்க்கோழிகளையும் மாவுப்புழுக்களையும் வைத்து, சிறு கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி விலகிவிட வேண்டும். வெளிச்சத்தில் கண் கூசுவதால் இரையைக் குறிதவறிக் கவ்வும் அல்பினோக்களும் உண்டு. அவற்றுக்கு மங்கலான ஒளியில் இடுக்கியால் ஊட்டுவது நலம். வீட்டில் முன்பே வேறு பல்லிகள் இருப்பின், குடலை நலித்து வாலை இளைக்கச் செய்யும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் தொற்றுக்கு அஞ்சி, புதியதைச் சில மாதங்களேனும் தனியறையில் வைத்து, அதன் எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். மூன்று வமிசங்களும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே ஆதலால், விற்றவரிடம் அது எந்த வமிசத்தது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுதலும் அவசியம். நன்கு பேணினால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடிய இப்பிராணி பிற்காலத்தில் வேறொருவர் கைக்கு மாறினாலும், அந்தக் குறிப்பு அதனுடனேயே செல்ல வேண்டும்.